கக்கூஸ் தண்ணி எங்காலை போகுது?

இடுப்பு எலும்பு முறிந்த பிறகு அம்மாவால் மாடிப்படி ஏற முடியவில்லை. எனவே 2006ஆம் ஆண்டு, வடமேற்கு இலண்டனில் உள்ள எமது வீட்டின் பின்புறத்தில் அவருக்கென ஓர் அறையும் குளியலறையும் கட்ட முடிவு செய்தோம். வரைபடத்தைக் காட்டியபோது அவர் தரைக்கல்லின் நிறத்தைக் கேட்கவில்லை. "கக்கூஸ் தண்ணி எங்காலை போகுது, தம்பி?" என்றுதான் கேட்டார்.

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டியவருக்கு அது இயல்பான கேள்வி. அங்கே நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். குழியில் விடும் அழுக்கு அதன் வெடிப்புகள் ஊடாகக் கிணற்றைச் சென்றடையலாம். அதனால் கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் இடம் பார்த்த பிறகுதான் மற்றவற்றை யோசிப்பார்கள். நானோ, "அதெல்லாம் கட்டுற ஆக்கள் பாப்பினம் அம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த கோடையில் அந்தக் குளியலறையில் நாற்றம் தொடங்கியது. சாம்பிராணி போட்டோம், வாசனைத் திரவம் தெளித்தோம். அம்மா குறை எதுவும் சொல்லவில்லை. ஆனால் அங்கே அடிக்கடி போகாமல் இருப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். சிறுநீர்த் தொற்று ஏற்பட்டு, காய்ச்சலும் மனக்குழப்பமுமாக அவரை வைத்தியசாலையில் அனுமதித்த பின்னர்தான் எனக்கு விடயம் விளங்கியது. நாள் முழுவதும் நோயாளிகளிடம் "எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று கேட்கும் நான், சொந்த வீட்டில் கேட்கவில்லை.

குழாய்க்குள் கமெரா விட்டுப் பார்த்தபோது இரண்டு பிழைகள் தெரிந்தன. புதிய குழாய்க்குப் போதிய சரிவு இருக்கவில்லை. பழைய குசினிக் குழாயின் முனை அடைக்கப்படாமல் தரைக்குக் கீழே திறந்தபடி கிடந்தது. புதுத் தரையை உடைத்துத்தான் திருத்தினோம்.

நாற்றத்தை ஏன் அலட்சியம் செய்யக்கூடாது?

கைகழுவும் தொட்டி, ஷவர், மலசலகூடம் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வளைவு உண்டு. அதில் 50 முதல் 75 மில்லிமீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். சாக்கடைக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்கும் கதவு அந்தத் தண்ணீர்தான். அது வற்றினால் காற்று உள்ளே வரும். 2003இல் ஹொங்கொங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் சார்ஸ் நோய் 300க்கும் மேற்பட்டோருக்குத் தொற்றியது. குளியலறைத் தரை வடிகால்களின் வளைவுகள் வற்றிக் கிடந்தது பரவலுக்கு முக்கியமான ஒரு காரணமாகக் கருதப்பட்டது. எமது வீடுகளில் அப்படி நடக்கும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் நாற்றம் வருகிறதென்றால் அந்தக் கதவு எங்கோ திறந்திருக்கிறது. திறந்த பழைய குழாய் எலிகளுக்கும் வழி. எலியின் சிறுநீர் மூலம் எலிக்காய்ச்சல் பரவக்கூடும்.

கட்டுவதற்கு முன் (இங்கிலாந்தில் வசிப்போருக்கு)

1. வளவில் உள்ள மேன்ஹோல் மூடிகளைத் திறந்து, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். கமெராவால் பரிசோதித்துப் பதிவு வாங்கிக்கொள்ளுங்கள். தரையை உடைக்கும் செலவோடு பார்த்தால் இது சிறிய செலவு.

2. குழாய் யாருடையது என்று அறியுங்கள். அயல்வீட்டாரோடு பகிரும் கழிவுக் குழாய்களில் பெரும்பாலானவை, உங்கள் காணிக்குள் இருந்தாலும், 2011 ஒக்டோபர் 1 முதல் தண்ணீர் நிறுவனத்துக்கு உரியவை. அவற்றின் மேலோ 3 மீற்றருக்குள்ளோ கட்டுவதென்றால் நிறுவனத்தின் சம்மதம் தேவை. அது இல்லாவிட்டால் வீட்டை விற்கும்போது சிக்கல் வரும்.

3. சரிவைக் கேளுங்கள். 100 மில்லிமீற்றர் குழாய்க்குப் பொதுவாக 40க்கு 1, அதாவது மீற்றருக்கு 25 மில்லிமீற்றர் சரிவு வைப்பார்கள். சரிவு குறைந்தால் அழுக்கு தங்கும்.

4. மழைநீரையும் கழிவுநீரையும் கலக்க விடாதீர்கள். இலண்டனின் நடுப்பகுதியில் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே குழாய். ஹரோ போன்ற வெளிப்பகுதிகளில் பெரும்பாலும் வெவ்வேறு குழாய்கள். மலசலகூடத்தைத் தவறுதலாக மழைநீர்க் குழாயில் இணைத்தால், உங்கள் கழிவு சுத்திகரிக்கப்படாமலே அருகிலுள்ள ஓடைக்குப் போகும்.

5. கைவிடப்படும் பழைய குழாய்களை அகற்றவோ அடைத்து மூடவோ சொல்லுங்கள். கட்டடத்துக்குள் மேன்ஹோல் வரவேண்டியிருந்தால், காற்றுப் புகாமல் திருகாணியால் இறுக்கும் மூடி வேண்டும்.

6. திட்ட அனுமதி தேவையில்லாத சிறிய எக்ஸ்டென்ஷனுக்கும் கட்டட விதிகள் உண்டு. பரிசோதகர் வந்து பார்ப்பதற்கு முன் குழாயை மண்ணால் மூட விடாதீர்கள். மூடுமுன் நீங்களும் படம் எடுத்து வையுங்கள்.

கட்டிய பின்

பாவிக்காத குளியலறையில் வாரம் ஒருமுறையாவது எல்லாக் குழாய்களையும் திறந்து தண்ணீர் ஓடவிடுங்கள். ஊருக்குப் போய்ப் பல வாரங்கள் கழித்துத் திரும்பினாலும் முதலில் இதைச் செய்யுங்கள். வடை பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஆறவைத்துப் போத்தலில் அடைத்துக் குப்பையில் போடுங்கள். 2017இல் கிழக்கு இலண்டன் வைற்சப்பலில் சாக்கடையை அடைத்திருந்த கொழுப்புக் கட்டி 250 மீற்றர் நீளமும் 130 தொன் எடையும் கொண்டது. அதில் எமது குசினிகளின் பங்கும் இருந்திருக்கலாம்.

தரையைத் திருத்திய பின் நாற்றம் நின்றது. அம்மா மீண்டும் வழமைபோலத் தண்ணீர் குடித்தார். மேலும் ஆறு வருடங்கள் அந்த அறையில் எங்களோடு இருந்தார்.

முதியவர்களுக்காக வீட்டைப் பெருப்பிக்கும் குடும்பங்களிடம் நான் கேட்பது இரண்டே விடயங்கள். கட்டடக்காரர் வரைபடத்தை விரித்ததும் அம்மா கேட்ட கேள்வியைக் கேளுங்கள். கட்டி முடிந்த பின், அங்கே இருப்பவர் தண்ணீர் குடிக்கிறாரா என்று பாருங்கள். குடிப்பதைக் குறைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். எமது பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் செலவு வரும் என்று நினைத்தால் வாய் திறக்கமாட்டார்கள்.