ஐடி-யிலிருந்து ஃபைனான்ஸுக்கு மாற எந்த எம்.பி.ஏ?

"ஐடி-ல நாலு வருஷம் ஆச்சு. எம்.பி.ஏ முடிச்சு ஃபைனான்ஸுக்குப் போகலாமா?" நண்பர்கள் பலர் கேட்கிற கேள்வி இது. முதல்ல கணக்கைப் போடுவோம்.

உதாரணத்துக்கு, ஃபீஸ் 25 லட்சம். உங்க சம்பளம் மாசம் 60,000 என்றால், இரண்டு வருஷத்தில் இழக்கிறது 14.4 லட்சம். ஆக மொத்தச் செலவு 39.4 லட்சம்! ஃபீஸை 10% வட்டிக் கடனில் கட்டினா, 10 வருஷத்துக்கு மாசம் சுமார் 33,000 இ.எம்.ஐ. படிக்கும்போது ஏறும் வட்டி தனி.

ஒரு வருஷ கோர்ஸ்ல செலவு குறையுமே? குறையும். ஆனா அதில் பெரும்பாலும் சம்மர் இன்டர்ன்ஷிப் இருக்காது. துறை மாறுறவங்களுக்கு ரெஸ்யூமேயில் காட்ட முதல் ஃபைனான்ஸ் அனுபவமே அதுதான். அதனால அவங்களுக்கு இரண்டு வருஷ கோர்ஸ்தான் நல்லது. இருக்கிற துறையிலேயே மேலே போகணும்னா ஒரு வருஷம் போதும்.

காலேஜ் விளம்பரத்தில் வரும் சராசரி சம்பளத்தைப் பார்த்து மயங்காதீங்க. உங்களை மாதிரி ஐடி-லிருந்து வந்தவங்கள்ல எத்தனை பேருக்கு ஃபைனான்ஸ் வேலை கிடைச்சதுன்னு சீனியர்களிடம் கேளுங்க.

வேலையை விடுறதுக்கு முன்னாடி, சிஎஃப்ஏ லெவல் 1 பாடத்தை மூணு மாசம் படிச்சுப் பாருங்க. பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தாலே தூக்கம் வருதா? 39 லட்சம் மிச்சம்!