கைரேகையும் சட்டமும்

பாவு பிணைத்தும் களைக்கொட்டுப் பிடித்தும் விரல் நுனியின் ரேகை தேய்ந்துபோதல் நம் அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. அவ்விரலைக் கருவியில் வைக்கும்பொழுது அது ஏற்க மறுப்பதும் புதிதன்று. அப்பொழுது, வந்தவர் வெறுங்கையுடன் திரும்ப வேண்டுமா? வேண்டியதில்லை என்கிறது சட்டம்.

2016ஆம் ஆண்டின் ஆதார்ச் சட்டம், அரசாங்க மானியங்களுக்கு ஆதாரைக் கேட்க இடமளித்தது. 2017 ஆகஸ்டு 24இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2018 செப்டம்பர் 26இல் ஐவர் அமர்வு, பெரும்பான்மையாக, ஆதார்ச் சட்டத்தை நிலைநிறுத்தியது. எனினும் தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழி திறந்த 57ஆம் பிரிவின் பகுதியை நீக்கிற்று. நமக்கு நேரிடையாகப் பயன்படுவது 2019ஆம் ஆண்டுத் திருத்தம். நோய், காயம், முதுமைத் தளர்ச்சி, கருவிக் கோளாறு ஆகிய எதனாலும் ரேகை பொருந்தாவிடில், சரிபார்ப்பவர் தக்க மாற்று வழி அளித்தே தீர வேண்டும் என்பது அதன் விதி. கருவிழிப் பதிவும், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணும் அத்தகையன. ஆகவே மாற்று வழி கேட்பது சலுகை கோருவதாகாது.

இனி, சங்கங்களின் கடமை. ஆதாருக்கென எடுத்த கைரேகையையும் கருவிழிப் பதிவையும் எக்காரணத்திற்காகவும் எவருக்கும் அளித்தலாகாது. ஆதார் எண்ணைப் பொதுவிடத்தில் வெளியிடுதலும் ஆகாது என்று 29ஆம் பிரிவு கூறுகின்றது. தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்திலோ, கடன் பெற்றோர் பட்டியல் பன்னிரண்டு இலக்கங்களுடன் அறிவிப்புப் பலகையில் தொங்கக் கண்டோம். ஒளிவுமறைவின்மைக்காகவாம்! பெயரும் அங்கத்தினர் எண்ணும் போதாவோ?

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திற்கு 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. தரவு வைத்திருப்போரின் முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது. காகித ஏட்டோடு நிற்கும் விவரம் இச்சட்டத்துள் வாராது. கணினியில் ஏற்றிவிட்டால் வரும். தக்க பாதுகாப்புச் செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சிறு சங்கத்தின்மீது அத்துணைத் தொகை விழுமென நாம் கருதவில்லை; ஆயினும் கணினியின் கடவுச்சொல்லை மேஜைமேல் ஒட்டி வைக்கும் வழக்கம் இன்றே நிற்கட்டும்.

கடவுச்சொல் களவு போனால் மாற்றலாம், விரலை மாற்றவியலாது. நிலப் பத்திரத்தில் வைத்த ரேகையைப் பிரதியெடுத்து வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்த மோசடிகள் நம் நாட்டில் நிகழ்ந்துள்ளன. ஆதார் ஆணையம் விரல் பதிவைப் பூட்டி வைக்க வசதி அளித்துள்ளது, அதற்குக் கட்டணமில்லை. பூட்டியவர்கள் ரேஷன் கடைக்குப் புறப்படுமுன் திறந்துகொள்க.