கடலில் விட்டபின் அது யாருடைய மீன்?



1964-ஆம் ஆண்டு மார்ச் 27, பெரிய வெள்ளி. அன்று மாலை 5.36 மணிக்கு அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தை 9.2 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. நான்கு நிமிடங்களுக்கும் மேலாக நிலம் ஆடியது. அழிந்த ஊர்களைப் பற்றியும் ஆழிப்பேரலையில் மாண்டவர்களைப் பற்றியும் நம்மில் சிலர் படித்திருக்கலாம். அதிகம் பேசப்படாத இழப்பு ஒன்றும் அன்று நேர்ந்தது. பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்னும் கடற்பகுதியின் கரை சில இடங்களில் பல மீட்டர் மேலெழுந்தது, சில இடங்களில் தாழ்ந்தது. அங்குள்ள பிங்க் சால்மன் மீன்கள், ஓடைகள் கடலில் கலக்கும் இடத்துச் சரளைக் கற்களுக்கு இடையே பெருமளவில் முட்டையிடுபவை. அந்த முட்டைப் படுகைகள் பல, ஒரே மாலையில் பாழாயின.

சால்மன் நன்னீரில் பிறந்து, கடலில் வளர்ந்து, பிறந்த ஓடைக்கே திரும்பி வந்து முட்டையிட்டு இறக்கும் மீன். அதில் பிங்க் வகையின் ஆயுள் இரண்டே ஆண்டுகள். ஆகவே ஓர் ஆண்டின் முட்டைகள் அழிந்தால் அதற்கு இரண்டாம் ஆண்டில் வலை வெறுமையாகும். முந்தைய தலைமுறையின் அளவுமீறிய மீன்பிடிப்பும், 1970-களின் தொடக்கத்தில் வந்த கடுங்குளிரும் நிலைமையை மேலும் கெடுத்தன. 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் அலாஸ்கா முழுவதும் பிடிபட்ட சால்மன், ஆண்டுக்கு ஏறத்தாழ 2.2 கோடி மட்டுமே. (2013-இல் இது 27 கோடியைத் தாண்டியது என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அன்றைய வறுமை புரியும்.)

கார்டோவா என்ற சிற்றூரின் மீனவர்கள் அரசு ஏதாவது செய்யட்டும் என்று காத்திருக்கவில்லை. இலாப நோக்கற்ற சங்கங்கள் குஞ்சுப் பொரிப்பகம் நடத்த 1974-இல் சட்டம் இடம் கொடுத்தது. அதே ஆண்டில் அவர்கள் தங்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கி, எவன்ஸ் தீவில் மூடிக் கிடந்த பழைய மீன் பதனிடும் ஆலை ஒன்றைப் பொரிப்பகமாக மாற்றினார்கள்.

அங்கே நடப்பது இதுதான். கோடையின் இறுதியில் திரும்பி வரும் தாய் மீன்களின் முட்டைகளை எடுத்து, ஆண் மீனின் விந்துடன் கலந்து, ஓடும் நன்னீரில் குளிர்காலம் முழுவதும் காக்கிறார்கள். ஓடையில் இடப்படும் முட்டைகளில் பெரும்பகுதி வெள்ளத்திலும் உறைபனியிலும் அழிந்துபோகும். இங்கோ பெரும்பகுதி பிழைக்கிறது. இளவேனிலில் குஞ்சுகளைக் கடலில் மிதக்கும் வலைக்கூண்டுகளில் சில வாரங்கள் தீனியிட்டு வளர்த்து, நுண்ணுயிர் மிதவைகள் பெருகும் நேரம் பார்த்துத் திறந்து விடுகிறார்கள். இது மீன்பண்ணை அல்ல. மீன்பண்ணைகளை அலாஸ்கா 1990-இல் தடைசெய்துவிட்டது.

விட்ட குஞ்சை எப்படி அடையாளம் காண்பது? நம் கடற்கரைப் பங்குகளில் கத்தாழை மீனைச் சமைப்பவர்கள் அதன் தலைக்குள் இருக்கும் வெள்ளைக் கல்லைப் பார்த்திருப்பார்கள். அது செவிக்கல். சால்மனுக்கும் சிறிதாக ஒன்று உண்டு. முட்டைப் பருவத்தில் நீரின் வெப்பநிலையைத் திட்டமிட்டு ஏற்றி இறக்கினால், அக்கல்லில் மரத்தின் வளையங்களைப்போல் கோடுகள் விழும். அந்தக் கோடுகளே பொரிப்பகத்தின் முத்திரை.

முத்திரை இருந்தும் உரிமை இல்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. கடலில் விட்ட கணமே அந்த மீன் பொதுச் சொத்து. உரிமம் பெற்ற எந்த மீனவரும் அதைப் பிடிக்கலாம். வளர்த்தவர்கள், பொரிப்பகத்தின் அருகே ஒதுக்கப்பட்ட நீர்ப்பகுதிக்குத் திரும்பி வரும் மீனில் ஒரு பங்கைப் பிடித்து விற்றுச் செலவை ஈடுகட்டுகிறார்கள். மீனவர்களும் தங்கள் மீன் விற்பனையில் 2 விழுக்காட்டை வரியாகத் தருகிறார்கள். அதற்கு வாக்களித்தவர்கள் அவர்களே. தன் வலையில் விழுமா என்று தெரியாத மீனுக்காகப் பணம் தருவது எளிதான காரியமா என்ன?

1989 மார்ச் 24-ஆம் நாள் எக்ஸான் வால்டெஸ் என்ற கப்பல் பாறையில் மோதி, அதே கடலில் ஏறக்குறைய 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெயைக் கொட்டியது. அன்றும் பெரிய வெள்ளிதான். மீனவர்கள் தங்கள் சிறு படகுகளுடன் விரைந்து, மிதவைத் தடுப்புகளை இழுத்துக் கட்டி, எவன்ஸ் தீவின் பொரிப்பகத்தைக் காத்தார்கள். சில ஆண்டுகளில் அங்கே ஹெர்ரிங் மீன்பிடிப்பு அடியோடு சரிந்தது, இன்றுவரை மீளவில்லை. சால்மன்தான் அக்குடும்பங்களுக்குச் சோறு போட்டது.

இத்துடன் முடித்தால் இது இனிய கதையாக இருக்கும். ஆனால் மறுபக்கத்தையும் சொல்லவேண்டிய கடமை நமக்கு உண்டு. பொரிப்பக மீன்களில் சில வழிதவறிக் காட்டு ஓடைகளுக்குள் நுழைகின்றன. பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் ஓடைகளில் மரபணு கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2022-இல் வெளியானது. இயற்கை மீன்களைவிட இவை ஈன்ற, பிழைத்துத் திரும்பிய சந்ததி வெகுவாகக் குறைவு என்று அது காட்டியது. அந்தக் கலப்பு இயற்கை இனத்தை நலிவுறச் செய்யும் என்ற அச்சம் நியாயமானதே.

மற்றொன்று இரை. பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் மட்டும் ஆண்டுதோறும் 60 கோடிக்கு மேற்பட்ட பிங்க் குஞ்சுகள் விடப்படுகின்றன. ஜப்பானும் ரஷ்யாவும் சேர்ந்தால் வட பசிபிக்கில் விடப்படும் சால்மன் குஞ்சுகள் ஏறத்தாழ 500 கோடி. எல்லாம் ஒரே கடலில் மேய்கின்றன. அவை உண்ணும் இரை வேறு மீன்களுக்குக் குறையாதா என்று அறிஞர்கள் பலர் கேட்கிறார்கள்.

அக்கேள்வி யூக்கான் ஆற்றங்கரையில் பசியாக நிற்கிறது. அங்கே யூப்பிக் பழங்குடிக் கத்தோலிக்கர் பலர், ஃபேர்பேங்க்ஸ் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள், வாழ்கிறார்கள். அவர்கள் விற்பதற்காக அல்ல, குளிர்காலத்திற்கு உலர்த்தி வைத்து உண்பதற்காகச் சால்மன் பிடிப்பவர்கள். 2021-இல் மீன்வரத்து சரிந்தபோது வீட்டு உணவிற்காகக்கூட அந்த ஆற்றின் சால்மனைப் பிடிக்கத் தடை வந்தது. 2024-இல் அலாஸ்கா மாநிலமும் கனடாவும் சினூக் வகைக்கு ஏழாண்டுத் தடை அறிவித்தன. வெப்பமாகும் கடல், இழுவைக் கப்பல்களின் வலையில் தவறிச் சிக்கும் மீன் ஆகியவையும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. பொரிப்பகங்களின் பங்கு எவ்வளவு என்பதில் வாதம் ஓயவில்லை. முட்டை எடுக்கும் அளவைக் குறைக்கக் கோரும் முன்மொழிவுகள் அலாஸ்கா மீன்வள வாரியத்தின் முன் மீண்டும் மீண்டும் வருகின்றன. குறைத்தால் எங்கள் படகுக் கடனை எப்படி அடைப்பது என்று கார்டோவாவில் கேட்கிறார்கள். எங்கள் உலர்மீன் குடில்கள் எத்தனை கோடைக்கு வெறுமையாய் நிற்பது என்று யூக்கான் கரையில் கேட்கிறார்கள்.