நாக்கடியில் ஒரு மாத்திரை, ஆண்டுக்கணக்கில்

ஹெராயினை விட்டவருக்கு மருத்துவர் கொடுப்பதும் ஓபியாய்டு வகை மருந்துதானே, என்ன மாறியது?

வேகம் மாறியது. ஊசியில் ஏறும் ஹெராயின் நொடிகளில் மூளையை எட்டி, சில மணி நேரத்தில் வடிந்துவிடும். பிறகு உடல்வலி, வியர்வை, வயிற்றுப்போக்கு, அடுத்த ஊசிக்கான அலைச்சல். மருத்துவர் கொடுக்கும் மெதடோன் மெதுவாக ஏறி, ஒரு நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்கும். 1960களில் நியூயார்க்கில் மருத்துவர்கள் வின்சென்ட் டோலும் மேரி நிஸ்வாண்டரும் இதைக் கொடுத்துப் பார்த்தபோது, நோயாளிகளின் கவனம் படிப்பு, வேலை என்று திரும்பியது.

புப்ரெனார்ஃபின் இன்னும் கெட்டிக்கார மருந்து. மூளையின் ஓபியாய்டு ஏற்பிகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பாதி திரும்பி நின்றுவிடும் சாவி மாதிரி, அரைகுறையாகத்தான் தூண்டும். அதனால் ஓர் அளவுக்கு மேல் மருந்தைக் கூட்டினாலும் மூச்சு மேலும் அடங்குவது குறைவு. மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இந்தப் பாதுகாப்பு குலையும். விழுங்கினால் கல்லீரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும் என்பதால்தான் நாக்கடியில் கரைய விடுகிறார்கள். ஹெராயின் உடலில் மிச்சமிருக்கும்போதே முதல் மாத்திரையைப் போட்டால், அது ஹெராயினை ஏற்பிகளிலிருந்து தள்ளிவிட்டு, விடுபடும் வேதனையைச் சட்டென்று கிளப்பிவிடும். வேதனை தானாகத் தொடங்கும்வரை காத்திருக்கச் சொல்வது இதற்காகவே.

இந்த மருந்துகளால் மலச்சிக்கல் உண்டு, தொல்லைதான். ஆனாலும் "இன்னுமா மாத்திரை?" என்று வீட்டார் அவசரப்படுத்துவது ஆபத்து. நிறுத்தியபின் உடலின் தாங்குதிறன் இறங்கிவிடும். ஆசை திரும்பி, பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுபோகலாம்.