டீ டெஸ்ட்... டி-டெஸ்ட்!

எக்ஸாம் ஹால்ல கொஸ்டின் பேப்பர் வர்றதுக்கு முன்னாடியே ஒரு பழைய புத்தகம் வரும். அட்டை இருக்காது. மூலையெல்லாம் அப்பளம் மாதிரி சுருண்டு கிடக்கும். முதல் பக்கத்துல ஏதோ ஒரு சீனியர் பென்சிலால 'முருகா காப்பாத்து' என்று எழுதியிருப்பார். அதுக்குக் கீழே இன்னொரு சீனியர் 'எனக்குக் காப்பாத்தலை' என்று எழுதியிருப்பார்!

அதுதான் பாஸ், ஸ்டாட்டிஸ்டிகல் டேபிள். ஹாலுக்குள்ள புத்தகத்தைப் பார்த்து எழுதலாம்னு சொன்னா ஆர்ட்ஸ் காலேஜ் பசங்க பொறாமைப்படுவாங்க. படாதீங்க. அந்த டேபிள்ல எல்லா நம்பரும் இருக்கும். நமக்கு வேண்டிய நம்பர் எதுங்கிறது மட்டும் இருக்காது.

அண்ணா பல்கலைக்கழகத்தோட 2021 ரெகுலேஷன்ல சேர்ந்தவங்ககிட்ட 'எம்.ஏ. 3251' என்று சொல்லிப் பாருங்க. முகம் மாறும். ரெண்டாவது செமஸ்டர் பேப்பர். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அண்ட் நியூமரிக்கல் மெத்தட்ஸ். அஞ்சு யூனிட்ல முதல் ரெண்டுதான் ஸ்டாட்ஸ். ஹைபாதிசிஸ் டெஸ்டிங் ஒண்ணு, டிசைன் ஆஃப் எக்ஸ்பெரிமென்ட்ஸ் ஒண்ணு. 'மச்சி, முதல் ரெண்டை விட்டுட்டு மீதி மூணைப் பிடிச்சுக்கோ, பாஸ்' என்பது செங்கல்பட்டு ஏரியா ஹாஸ்டல்கள்ல வாழையடி வாழையா வர்ற அட்வைஸ். டூ மார்க், பதினாறு மார்க் எல்லாம் சேர்த்தா அந்த ரெண்டு யூனிட் 40 மார்க். அட்வைஸ் பண்ற யாரும் இந்தக் கணக்கை மட்டும் சொல்றதில்லை.

பிளஸ் டூவுலயே இதுக்குப் பிள்ளையார் சுழி போட்டிருக்கணும். நிகழ்தகவுப் பரவல்கள் கணக்குப் புத்தகத்துல 11-வது பாடம். மொத்தமே 12 பாடம். ரிவிஷன் டெஸ்ட் நெருக்கடியில அந்தப் பாடம் எத்தனை பேருக்கு ஒழுங்கா நடந்ததுன்னு உங்க மனசாட்சியைக் கேட்டுக்கோங்க.

என் ரூம்மேட் மதுராந்தகம் பக்கத்துல அரசுப் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சவன். வீட்டுல அவன்தான் முதல் பட்டதாரி. (ஆகப் போறவன்!) சார் போர்டுல 'ஸ்டாண்டர்டு டீவியேஷன்' என்று எழுதினப்போ ரெண்டு நாள் திருதிருன்னு முழிச்சான். மூணாவது நாள் ராத்திரி பதினொரு மணிக்கு என்னை உலுக்கி எழுப்பி, "டேய், இது திட்ட விலக்கம்டா! பத்தாவதுலயே போட்டிருக்கேன்டா!" என்று கத்தினான். பக்கத்து ரூம்ல இருந்து செருப்பு வந்தது.

பேர் தெரிஞ்சதும் பயல் வகுப்புல கேள்வி கேட்க ஆரம்பிச்சான். "சார், ஏன் 5 சதவீதம்? 6 ஏன் இல்ல?" என்றான் ஒரு நாள். "கொஸ்டின்லயே 5 பர்சன்ட் லெவல்னு குடுத்திருப்பான். அதை எடுத்துக்கோ. போர்ஷன் முடிக்கணும்" என்று பதில் வந்தது. கிளாஸே சிரிச்சது. நானும்தான் சிரிச்சேன்.

நான் எந்தக் கேள்வியும் கேட்கலை. எனக்குத் தெரிஞ்சது சமையல் குறிப்பு மட்டும்தான். ஹெச்-நாட் எழுது. ஹெச்-ஒன் எழுது. ஃபார்முலா போடு. கால்குலேட்டரைத் தட்டு. வந்த நம்பர் டேபிள் நம்பரைவிடச் சின்னதா? அக்செப்ட். பெருசா? ரிஜெக்ட். பென்சில்ல ஒரு பாக்ஸ் போடு. நான் பாஸ்!

கேள்வி கேட்டவன் அரியர்.

மூணாவது வருஷம் வந்தாச்சு. கம்பெனிகள் கேம்பஸுக்கு வர்ற நேரம். 'நோ ஸ்டாண்டிங் அரியர்' என்று ஒரு வரி நோட்டீஸ்ல இருந்தா போதும், பேர் கொடுக்கவே முடியாது. அவன் கோடிங்ல புலி. ஆனா நோட்டீஸ் போர்டு முன்னாடி நின்னு படிச்சுட்டு, மெஸ்ஸுக்கு வராம ரூமுக்குப் போய்ப் படுத்துக்கிட்டான். எனக்கும் சாப்பாடு இறங்கலை. அவனுக்கு வராத பேப்பர் எனக்கு எப்படி வந்ததுன்னு எனக்கே தெரியலை.

அரியர் எக்ஸாமுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, "வாடா, மகாபலிபுரம் போய்ட்டு வரலாம்" என்று இழுத்துட்டுப் போனேன். லைப்ரரியில யாருமே எடுக்காத தடிப் புத்தகம் ஒண்ணை அவன் பையில தூக்கிட்டு வந்தான்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்ட்ல ஏறினா வழியில திருக்கழுக்குன்றம். ஒரு காலத்துல தினமும் உச்சி வேளையில ரெண்டு கழுகு மலைமேல வந்து, குருக்கள் கையால பிரசாதம் சாப்பிட்டுப் போகுமாம். இப்போ வர்றதில்லை. பஸ் ஜன்னல் வழியா மலையைப் பார்த்துட்டு, "சாம்பிள் சைஸ் 2. டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 1. டேபிள் வேல்யூ 12.706" என்றான் ரூம்மேட். டி-டேபிளோட முதல் வரி அது. நானும் மனப்பாடம் பண்ணியிருக்கேன். ஆனா டேபிள்ல கீழே இறங்க இறங்க அது ஏன் சின்னதாகுது? 10-க்கு வந்தா 2.228. கடைசி வரியில 1.96. நான் யோசிச்சதே இல்லை.

அவன் விளக்கினான். ரெண்டே ரெண்டு கழுகை எடைபோட்டு எல்லாக் கழுகோட சராசரியையும் பத்தி அடிச்சுப் பேச முடியுமா? முடியாது. அதனால டேபிள் உன்கிட்ட, '12.706 அளவுக்குப் பெரிய வித்தியாசத்தைக் காட்டு, அப்புறம் நம்பறேன்' என்று கறாராச் சொல்லுது. கையில சரக்கு கூடக் கூட அதோட கறார் குறையுது. அவ்வளவுதான் டி-டேபிள்!

இதைக் கண்டுபிடிச்சவர் கணக்கு வாத்தியார் இல்லை. டப்ளின் நகரத்துல கின்னஸ் பீர் கம்பெனியில வேலை பார்த்த வில்லியம் காசெட். பார்லியும் ஹாப்ஸும் சோதிக்கணும். ஆனா கைக்குக் கிடைக்கிறதோ நாலஞ்சு சாம்பிள்தான். கம்ப்யூட்டர் கிடையாது. மனுஷன் என்ன செஞ்சார் தெரியுமா? 3,000 கைதிகளோட உயரம், இடது கை நடுவிரல் நீளம் அளந்துவெச்ச ஒரு பட்டியலை எடுத்து, அட்டைகள்ல எழுதிக் குலுக்கி, நாலு நாலாப் பிரிச்சார். 750 குட்டி சாம்பிள். ஒவ்வொண்ணுக்கும் கையாலயே கணக்கு! ஒரு அசைன்மென்ட்டுக்கே பக்கத்து பெஞ்ச்சைப் பார்க்கிற நமக்கு மயக்கம் வருது. கம்பெனி ஊழியர்கள் சொந்தப் பேர்ல கட்டுரை வெளியிட அனுமதி இல்லாததால 1908-ல 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயர்ல எழுதினார். 'ஸ்டூடண்ட்ஸ் டி-டெஸ்ட்' என்ற பேர் அப்படி வந்தது. நாங்க அதை ஸ்டூடண்ட்ஸுக்கு வைக்கிற டெஸ்ட்டுன்னு நினைச்சுட்டிருந்தோம்!

பூஞ்சேரி வந்ததும் அவன் மறுபடி ஜன்னலைத் தட்டினான். 2022 ஜூலை 28-ல இருந்து ஆகஸ்ட் 10 வரைக்கும் செஸ் ஒலிம்பியாட் நடந்த இடம். வேட்டி கட்டின குதிரை 'தம்பி'யை யார்தான் மறப்பாங்க? 16 வயசு குகேஷ் முதல் எட்டு ரவுண்டும் வரிசையா ஜெயிச்சார். பத்தாவது ரவுண்டுல தோத்தார். ஆனாலும் 11-க்கு 9 எடுத்து முதல் போர்டுல தங்கம்.

"செஸ் ரேட்டிங் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம்ம டேபிள்ல இருந்துதான்" என்றான். ஹங்கேரியில பிறந்து அமெரிக்காவுல ஃபிசிக்ஸ் பேராசிரியரா இருந்த அர்பாட் எலோ போட்ட கணக்கு அது. ஃபிடே அமைப்பு 1970-ல ஏத்துக்கிச்சு. ஒரு ஆட்டக்காரர் தினமும் ஒரே மாதிரி ஆடறதில்லை. அந்த ஏத்த இறக்கம் ஒரு நார்மல் கர்வ், அதோட திட்ட விலக்கம் 200 என்று எலோ எடுத்துக்கிட்டார். ரெண்டு பேர் மோதினா ரெண்டு பேரோட ஏத்த இறக்கமும் சேரும். 200-ஐ ரூட் டூவால பெருக்கினா 283. இப்போ உன்னைவிட 200 பாயின்ட் அதிகமா இருக்கிறவர் எதிர்ல உட்கார்றார். 200-ஐ 283-ஆல வகுத்தா 0.71. நார்மல் டேபிள்ல 0.71-க்கு நேரே 0.2611. அதோட அரையைச் சேர்த்தா 0.76. அதாவது 100 ஆட்டம் ஆடினா அவருக்கு சராசரியா 76 பாயின்ட். ஃபிடே போட்டிருக்கிற அட்டவணையிலயும் 200-க்கு நேரே அதே 0.76 தான் இருக்கு!

பஸ் கூட்டத்துல நின்னுக்கிட்டு, கையில டேபிள் இல்லாம, இவ்வளவையும் சொன்னவனுக்குத்தான் ஸ்டாட்ஸ்ல அரியர்.

மகாபலிபுரத்துல இறங்கினதும் டீக்கடை. பக்கத்துப் பட்டறையில கல்லுல உளி விழற சத்தம். டீ மாஸ்டர் டம்ளர்ல முதல்ல டிகாஷன் ஊத்தினதைப் பார்த்து ரூம்மேட், "பாலை முதல்ல ஊத்தியிருந்தா டேஸ்ட் வேற மாதிரி இருந்திருக்கும்" என்றான். "பீலா விடாத" என்றேன். ரோஷம் வந்துடுச்சு. பந்தயம்!

எட்டு பேப்பர் கப். நாலுல பால் முதல்ல, நாலுல டிகாஷன் முதல்ல. அடியில பேனாவால அடையாளம் போட்டு, இடம் மாத்தி வெச்சேன். அவன் கடலைப் பார்த்துத் திரும்பி நின்னான். "எட்டும் ஒரே டீதான் தம்பி" என்று மாஸ்டர் தலையில அடிச்சுக்கிட்டார். பால் முதல்ல ஊத்தின நாலை அவன் எடுத்துத் தரணும். மூணு சரி. ஒண்ணு தப்பு.

"பார்த்தியா, எட்டுக்கு ஆறு!" என்று குதிச்சான். நான் புத்தகத்தைப் பிரிச்சேன். இது அசல் ஃபிஷரோட டீக்கடைக் கணக்கு. (டீ டெஸ்ட்டுக்கு டி-டெஸ்ட் தேவையில்லை!) இங்கிலாந்துல ரோத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்துல ஃபிஷர்கூட வேலை பார்த்த ஒரு பெண் விஞ்ஞானி, நம்ம ஆள் சொன்ன அதே வசனத்தைச் சொல்லியிருக்காங்க. ஃபிஷர் அதை எட்டு கப் சோதனையா 1935-ல தன் புத்தகத்துல எழுதினார். அந்த அம்மா ஜெயிச்சாங்களா இல்லையான்னு மட்டும் அதுல சொல்லவே இல்லை. எட்டுல நாலைத் தேர்ந்தெடுக்க 70 வழி. நாலும் சரியா அமையறது ஒரே வழி. மூணு சரியா அமையறது 16 வழி. ஒண்ணுமே தெரியாதவன் கண்ணை மூடிட்டு எடுத்தாலும் மூணோ நாலோ சரியா அமைய 70-க்கு 17 வாய்ப்பு. 24 சதவீதம்! 5-ஐ எங்கே தொடறது?

சரி, அந்த 5 எங்கிருந்து வந்தது? 1925-ல ஃபிஷர் எழுதின இன்னொரு புத்தகத்துல. இருபதுல ஒண்ணுங்கிறது எல்லைக்கோடா வெச்சுக்க வசதியா இருக்கு. அவர் சொன்ன காரணம் அவ்வளவுதான். வகுப்பே சிரிச்ச கேள்விக்கு இதுதான் பதில்.

"அப்போ நான் பொய் சொல்றேன்கிறியா?" என்று முறைச்சான்.

"இல்லடா. நீ சொல்றது உண்மையா இருக்கலாம். அதைக் காட்ட இந்த எட்டு கப் பத்தலை."

சொல்லி முடிச்சதும் எனக்கே சுருக்குன்னுச்சு. பரீட்சையில பாக்ஸ் போட்டு 'ஹெச்-நாட் இஸ் அக்செப்டட்' என்று எத்தனை தடவை எழுதியிருக்கேன்! அக்செப்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ரிஜெக்ட் பண்ண ஆதாரம் பத்தலை. ரெண்டும் ஒண்ணு கிடையாது. அது தெரியாம நான் பாஸ். ஒரு பேப்பர், மூணு மணி நேரம், ஒரு மார்க். அதை வெச்சு இவனுக்கு ஸ்டாட்ஸ் தெரியாதுன்னு முடிவு கட்டியிருக்காங்களே, அது எத்தனை கப் டெஸ்ட்?

அவன் புத்தகத்துல இன்னொரு பக்கத்தைக் காட்டினான். சி.ஆர். ராவ். ராணுவ சர்வே வேலைக்குன்னு கல்கத்தாவுக்கு இன்டர்வியூ போய், அது கிடைக்காம, போன இடத்துல இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைப் பத்திக் கேள்விப்பட்டு 1941-ல அதுல சேர்ந்தவர். (அதோட சென்னை மையம் நம்ம தரமணியில இருக்கு.) 1944 வாக்குல கல்கத்தா பல்கலைக்கழகத்துல பாடம் நடத்தும்போது தண்டேகர் என்ற மாணவர் எழுந்து, பெரிய சாம்பிளுக்குச் சொல்ற இந்த முடிவு சின்ன சாம்பிளுக்கும் உண்டான்னு கேட்டார். ராவ் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து போட்டுப் பார்த்து மறுநாள் விடையோட வந்தார். 1945-ல அச்சான அந்த விடைக்கு இன்னிக்கு கிராமர்-ராவ் என்று பேர். 2023-ல ராவுக்கு சர்வதேசப் புள்ளியியல் பரிசு கிடைச்சப்போ அவருக்கு வயசு 102.

"போர்ஷன் முடிக்கணும்னு அவர் சொல்லலை பாரு" என்றான். சிரிச்சான். நோட்டீஸ் போர்டைப் பார்த்த நாள்ல இருந்து அவன் சிரிச்சு நான் பார்த்தது அன்னிக்குத்தான்.

கடற்கரைக் கோயில் பக்கம் உட்கார்ந்து மணல்லயே அடுத்த கணக்கைப் போட்டோம். எட்டு கப்ல ஒரு தப்பு பண்ணினாலே ஆட்டம் காலி. பன்னிரண்டு கப் வெச்சா? ஆறைத் தேர்ந்தெடுக்க 924 வழி. ஆறும் சரின்னா ஒரு வழி. ஒண்ணு தப்பினா 36 வழி. மொத்தம் 37. 924-ல 37-ன்னா... 4 சதவீதம்!

"அப்போ பன்னிரண்டு கப்ல ஒரு தப்பு பண்ணிட்டும் ஜெயிக்கலாமா?"

"ஜெயிக்கலாம்."

"வா, இப்பவே போலாம்."

ரெண்டு பேர் பாக்கெட்டையும் துழாவினோம். பஸ்ஸுக்குப் போக அஞ்சு டீக்குத்தான் காசு இருந்தது. அதனால மறு டெஸ்ட் எக்ஸாம் முடிஞ்ச ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளிப்போச்சு. பரீட்சை எழுதிட்டான். ஹைபாதிசிஸ் கணக்கு முடிஞ்ச இடத்துல அக்செப்டுன்னு எழுதாம, 'ரிஜெக்ட் செய்யப் போதிய ஆதாரம் இல்லை' என்று இங்கிலீஷ்ல முழுசா எழுதி பாக்ஸ் போட்டானாம். திருத்துறவர் மார்க் போடுவாரா மாட்டாரான்னு ஹாஸ்டல்ல ரெண்டு கோஷ்டியா சண்டை நடக்குது. ரிசல்ட் இன்னும் வரலை. மாஸ்டர்கிட்ட மட்டும் பன்னிரண்டு டீ சொல்லி வெச்சிருக்கோம்.