வேலைநிறுத்தத்திற்கு முன் தொழிலாளர் அறிய வேண்டியவை

2003 ஜூலையில், பறிக்கப்பட்ட ஓய்வூதியச் சலுகைகளைத் திரும்பக் கேட்டு வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்களில் ஏறத்தாழ 1.7 லட்சம் பேரைத் தமிழக அரசு பணிநீக்கம் செய்தது. அதை எதிர்த்த வழக்கில் ஆகஸ்ட் 6 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மீக உரிமையோ இல்லை என்றது; பெரும்பாலோர் மன்னிப்புக் கடிதமும் உறுதிமொழியும் எழுதித் தந்த பிறகே மீண்டும் பணியில் சேர முடிந்தது.

பன்னாட்டுச் சட்டத்தின் நிலை வேறு. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு, உள்நாட்டுச் சட்டங்களுக்கு இணங்கச் செய்யப்படும் வேலைநிறுத்தத்தை உரிமையாகவே ஏற்கிறது. 1979இல் அதில் இணைந்த இந்தியா, அப்பிரிவை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவுக்கு உட்பட்டே செயல்படுத்துவதாக அறிவித்துக்கொண்டது. சங்கம் அமைக்கும் சுதந்திரம் குறித்த, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 87ஆம் உடன்பாட்டை (1948) இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை. அந்த உடன்பாட்டிலேயே வேலைநிறுத்த உரிமை அடங்கியிருக்கிறது என்று அவ்வமைப்பின் குழுக்கள் நெடுங்காலமாகக் கூறிவர, முதலாளிகள் தரப்பு அதை மறுத்ததால், 2023 நவம்பரில் அக்கேள்வி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பப்பட்டது. உயிர், பாதுகாப்பு, உடல்நலம் ஆகியவற்றைக் காக்கும் பணிகளையே அக்குழுக்கள் அத்தியாவசியப் பணிகளாகக் கொள்கின்றன. மருத்துவமனை அதில் அடங்கும், பள்ளிக்கூடம் அடங்காது. அந்த அளவுகோலின்படி, ஆசிரியர்களுக்கும் சேர்த்து அவ்வுரிமையை மறுத்த 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பு மிகையானதே.

அரசு ஊழியரல்லாத, சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியின் கடைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் வேலை செய்வோரை நேரடியாகத் தொடுவது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமாகும். முன்பு பொதுப் பயன்பாட்டுப் பணிகளுக்கு மட்டும் கட்டாயமாக இருந்த முன்னறிவிப்பு இப்போது எல்லாத் தொழில்களுக்கும் உண்டு. அறிவிப்புக் கொடுத்து 14 நாள் கழித்து, 60 நாளுக்குள் வேலைநிறுத்தம் தொடங்க வேண்டும், சமரசப் பேச்சு நடக்கும்போதும் அது முடிந்த 7 நாள்களுக்குள்ளும் தொடங்கக் கூடாது. ஒரு நிறுவனத்தில் பாதிப்பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே என்பதால், சங்கமே இல்லாத இடத்தில் "எல்லாரும் லீவு போட்டுவிடுவோம்" என்று பேசி முடிவெடுப்போர் தம்மை அறியாமலே சட்டத்தை மீறியவராகலாம். அதற்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதமோ, ஒரு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

முறையான வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதற்காக வேலையைவிட்டு நீக்குவது, அதே சட்டப்படி நேர்மையற்ற தொழில் நடைமுறையாகும். ஆகவே முன்னறிவிப்பின் நகலையும் அதைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையையும் தொழிலாளர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நீக்கப்பட்டால் காலந்தாழ்த்தாமல் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் எழுத்தில் முறையிட வேண்டும், ஏனெனில் தகராறு எழுந்து இரண்டு ஆண்டுகள் கடந்தபின் அவர் அதை விசாரிக்கச் சட்டம் இடந்தருவதில்லை.