காருக்கு வாயுத் தொல்லை! வீட்டிலேயே வைத்தியம் பார்க்கலாம்

கார் வாசலில் நிற்கிறது. எஞ்சின் ஓடுகிறது. அப்பா ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் திருப்புகிறார். "ம்ம்ம்..." என்று ஒரு முனகல் கேட்கிறது!

"காருக்கு வயிற்று வலி போலிருக்கிறது அப்பா" என்கிறாள் கல்லூரிக்குப் போகும் மகள்.

அவள் விளையாட்டாகச் சொன்னாள். ஆனால் அது ஏறக்குறைய உண்மை. பவர் ஸ்டீயரிங் உள்ள பழைய கார்களுக்கு இப்படி வருவது உண்டு. எண்ணெய் ஓட வேண்டிய குழாயில் காற்று புகுந்துவிட்டால் கார் முனகும். ஸ்டீயரிங் கனக்கும்.

"ஸ்டீயரிங் பெட்டியையே மாற்ற வேண்டும்" என்று யாராவது சொல்லிவிட்டால் வீட்டுச் செலவில் பெரிய துண்டு விழும். பல சமயம் கோளாறு அங்கே இருப்பதே இல்லை. ஒரு சின்ன ரப்பர் குழாய், ஒரு கிளிப் – இவைதான் குற்றவாளி!

லாரி என்ஜினீயர் கண்டது

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கர். அவர் பியர்ஸ்-ஆரோ கம்பெனியின் லாரிப் பகுதியில் தலைமை என்ஜினீயராக இருந்தவர். பெரிய லாரியைத் திருப்புவதற்குள் டிரைவருக்குத் தோள் இற்றுப்போகும். அந்த வேலையை எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டு செய்துவிட்டால் என்ன என்று அவர் நினைத்தார். வேலையை விட்டார். வால்தம் என்ற ஊரில் ஒரு சின்னப் பட்டறை பிடித்தார். 1926-ல் ஒரு காரில் பொருத்தி ஓட்டியே காட்டிவிட்டார்.

ஆனால் விலை அதிகம் என்று கார் கம்பெனிகள் தயங்கின. இரண்டாவது உலகப்போரில் கவச வண்டிகளுக்கு அது பயன்பட்டது. 1951-ல்தான் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. 25 வருடம் காத்திருந்த யந்திரம்!

எப்படி வேலை செய்கிறது?

எஞ்சினோடு ஒரு பெல்ட் சுற்றுகிறது. அந்தப் பெல்ட் ஒரு பம்பை ஓட்டுகிறது. பம்ப், சின்னத் தொட்டியிலிருந்து எண்ணெயை இழுத்து, ஸ்டீயரிங் பெட்டிக்குத் தள்ளுகிறது. நீங்கள் எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ, அந்தப் பக்கம் சக்கரம் போக எண்ணெய் துணைக்கு வருகிறது. பிறகு வேறு குழாய் வழியாகத் தொட்டிக்கே திரும்புகிறது.

இன்றைய புதுக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த எண்ணெயே கிடையாது. மின்சார மோட்டார்தான் திருப்புகிறது. ஆகையால் இந்த வைத்தியம் எண்ணெயில் ஓடும் பழைய கார்களுக்கு மட்டுமே.

எண்ணெய் வற்றினால் கார் திரும்பாமலே போய்விடுமா? போகாது. ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் இரும்புத் தொடர்பு இருக்கிறது. கை மட்டும் வலிக்கும். ஓடும்போது எஞ்சின் நின்றாலும் அப்படித்தான். பயப்படாமல் இரண்டு கையாலும் பலமாகத் திருப்பி, ஓரமாக நிறுத்த வேண்டும்.

விரலை வைக்காதீர்கள்!

தொட்டியைத் திறந்து பார்த்தார் அப்பா. எண்ணெய் குறைந்திருந்தது. மேலே சோப்பு நுரை போல் நுரை! காற்று புகுந்ததற்கு அதுவே சாட்சி.

எங்கே ஒழுகுகிறது என்று தடவிப் பார்க்கக் கையை நீட்டினார்.

"கையை எடுங்கள் அப்பா!" என்று மகள் கத்திவிட்டாள்.

அவள் கத்தியது நியாயம். கார் டயரில் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 பவுண்டு. பம்பிலிருந்து போகும் குழாயிலோ, ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பும்போது 1,000 பவுண்டையும் தாண்டும். அதில் ஊசித் துவாரம் இருந்தால், பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். முதலில் வலிகூடத் தெரியாது. முள் குத்தின தழும்பு போல் இருக்கும். கவனிக்காமல் விட்டால் விரலையே எடுக்கும்படி ஆகிவிடலாம். அப்படி நேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். "அழுத்தத்தில் எண்ணெய் ஏறிவிட்டது" என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஆகவே எஞ்சினை நிறுத்தி, குழாய்களையெல்லாம் துணியால் துடைத்தார்கள். காருக்கு அடியில் ஓர் அட்டையை விரித்தார்கள். மறுநாள் காலையில் அட்டையில் ஒரு சிவப்புப் பொட்டு! அதற்கு நேர் மேலே, தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் குழாயின் நுனி வெடித்திருந்தது. எஞ்சின் ஓடும்போது அந்த வழியாகக் காற்று உள்ளே போகிறது. நின்றபின் எண்ணெய் வெளியே கசிகிறது!

காற்றை விரட்டினார்கள்

அந்தக் காருக்கென்றே விற்கும் குழாயும் புதுக் கிளிப்பும் வாங்கி வந்தார் அப்பா. தண்ணீர்க் குழாயை வெட்டிப் போடக் கூடாது. எண்ணெயில் ஊறி உப்பிவிடும். எண்ணெயும் காரின் கையேட்டில் சொன்ன வகையாகத்தான் இருக்க வேண்டும். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. பம்பிலிருந்து போகும் அழுத்தக் குழாய் வெடித்திருந்தால் அப்பா அதைத் தொட்டிருக்க மாட்டார். அது மெக்கானிக் வேலை.

குழாயை மாற்ற அரை மணி நேரம் ஆயிற்று. பிறகுதான் பொறுமை வேண்டிய வேலை.

பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார்கள். கைப் பிரேக் போட்டார்கள். முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான இரும்பு ஸ்டாண்டுகள்மேல் இறக்கினார்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் போனவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். ஸ்டாண்டு இருந்தும் இவர்கள் அடியில் போகவில்லை. காருக்குள்ளும் யாரும் உட்காரவில்லை.

எஞ்சின் ஓடவில்லை. சாவியை மட்டும் திருப்பிப் பூட்டை விடுவித்தார்கள். மகள் வெளியே நின்று, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஸ்டீயரிங்கைத் திருப்பினாள்.

"மெதுவாக அம்மா, மெதுவாக" என்றார் அப்பா.

இடக்கோடி வரை, பிறகு வலக்கோடி வரை. தொட்டியில் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. எண்ணெய் இறங்க இறங்க அப்பா ஊற்றினார். அவசரப்பட்டால் மறுபடியும் நுரைத்துவிடும்.

"எத்தனை ஆயிற்று?"

"பதினெட்டு அப்பா. கை வலிக்கிறது!"

இருபதுக்குமேல் குமிழி நின்றது. காரைத் தரையில் இறக்கினார்கள். அப்பா எஞ்சினை ஓட்டி, இரண்டு பக்கமும் நிதானமாகத் திருப்பினார். கோடியில் ஐந்து விநாடிக்குமேல் பிடித்து வைக்கவில்லை. பிடித்தால் எண்ணெய் கொதித்துப் பம்ப் கெடும். முனகல் இல்லை!

பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒரு டப்பாவில் பிடித்து, பட்டறையில் கொடுக்க எடுத்து வைத்தாள் அம்மா.

அன்று இரவும் அட்டையை விரித்தார்கள். காலையில் காப்பிகூடக் குடிக்காமல் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தவள் மகள்தான். அட்டை காய்ந்திருந்தது.